வேகக் காரும் முறியும் ஷாப்ட்டும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டிகளின் சுழல்தண்டான ஷாப்ட்டை அதிராமல் சுற்றும்படி பேலன்ஸ் செய்யும் சிறிய பட்டறை சேலத்தில் என்னுடையது. அப்பா காலத்தில் வந்தவை எல்லாம் லாரி ஷாப்ட்தான். சங்ககிரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் வந்து இறங்கும். இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று வேகக் கார்களும் வருகின்றன. கார் மாறுகிறது, ஆள் மாறுகிறார், கேட்கும் சந்தேகம் மட்டும் மாறுவதில்லை. டீ ஆறிப்போகும் வரை ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

டிரைவ் ஷாப்ட், புரொப்பெல்லர் ஷாப்ட், ஆக்ஸில் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதுதான் எல்லாவற்றுக்கும் வேலை. இருக்கும் இடம் வேறு. பின்சக்கர டிரைவ் காரில் கியர்பாக்ஸிலிருந்து பின் ஹவுசிங் (சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பங்கிடும் டிஃபரன்ஷியல் என்ற பல்லமைப்பின் கூடு) வரை காரின் தரைத் தகட்டுக்கு அடியில் ஓடும் நீண்ட குழாய் புரொப்பெல்லர் ஷாப்ட். அதன் முனைகளில் பெரும்பாலும் கிராஸ், அதாவது கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் சிலுவை வடிவ மூட்டு, இருக்கும். சில ஜெர்மன் கார்களில் கிராஸுக்குப் பதில் தடித்த ரப்பர் கப்ளிங் வரும். டிஃபரன்ஷியலிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகும் குட்டை ஷாப்ட்டைத்தான் பட்டறைகளில் ஆக்ஸில் என்கிறோம். அதன் இரு முனைகளிலும் சி.வி. ஜாயின்ட் (கோணத்திலும் ஒரே சீராகச் சுற்றும் மூட்டு), அதன்மேல் கிரீஸைக் காக்கும் ரப்பர் உறையான பூட்.

குழப்பம் வேண்டாம் என்பதற்காக இங்கே முதலாவதை நீள ஷாப்ட் என்றும் இரண்டாவதைச் சக்கர ஷாப்ட் என்றும் சொல்கிறேன். நீள ஷாப்ட் வேகமாகச் சுற்றும், குறைந்த முறுக்கு விசையைத் தாங்கும். சக்கர ஷாப்ட் மெதுவாகச் சுற்றும், அதிக முறுக்கைத் தாங்கும். கீழே வரும் பாதிப் பதில்கள் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பவை.

என்னுடையது முன்சக்கர டிரைவ் கார். எனக்கும் இந்தக் கவலை வேண்டுமா?

நீள ஷாப்ட் இல்லை, ஆகவே அதன் ஆபத்துகளும் இல்லை. சக்கர ஷாப்ட் இரண்டு இருக்கின்றன. அவற்றில் ஒன்று முறிந்தாலும் கார் நின்றுவிடும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் சம அளவு முறுக்கைத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் பிடிப்பே இல்லாமல் சுற்றினால் மறுபக்கத்துக்கும் எதுவும் போகாது. எஞ்சின் அலறும், கார் நகராது. முறிந்த துண்டு சுழன்று ஏ.பி.எஸ். ஒயரையோ பிரேக் ஹோஸையோ அறுக்கலாம். நடுரோட்டில் நிற்பது பெரும்பாலும் எரிச்சலோடு முடியும். மலை இறக்கத்தில் அது வேறு கதை. பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஷாப்ட் கழன்றால் கார் குட்டிக்கரணம் அடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

நடக்கக்கூடியதுதான், ஆனால் அரிது. நீள ஷாப்ட்டின் முன்முனைக் கிராஸ் உடைந்தால் அந்த முனை தொங்கி ரோட்டில் குத்தும். பின்முனை இன்னும் ஹவுசிங்கில் மாட்டியிருக்கும். கார் முன்னோக்கி ஓட, தரையில் ஊன்றிய கம்பை வைத்துத் தாண்டுகிறவனைப் போல வண்டியின் பின்பக்கம் தூக்கப்படும். பல கார்களில் குறுக்குச் சட்டமோ சைலன்சர் குழாயோ ஷாப்ட்டுக்குக் கீழே இருப்பதால் அது தரையைத் தொடுவதற்குள் தடுத்துவிடுகிறது. பின்முனை உடைந்தால் ஷாப்ட் பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும். குத்தாது, ஆனால் சாட்டை போல அடிக்கும்.

அதிகம் நடப்பது அந்தச் சாட்டையடிதான். சக்கரங்கள் சுற்றும் வரை அவற்றோடு இணைந்திருக்கும் துண்டும் சுற்றும். ஓமலூர்ப் பக்கம் முன் கிராஸ் உடைந்து நின்ற ஒரு காரை எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். கியர் லீவருக்குப் பின்னால் தரைத் தகடு உள்பக்கமாகக் கிழிந்து, இட்லித் தட்டு அளவுக்கு ஓட்டை. கம்பளத்தைத் தூக்கினால் கீழே ரோடு தெரிந்தது. ஹேண்ட்பிரேக் கேபிள் அறுந்திருந்தது. பிரேக் பைப் ஒரு விரற்கடை தள்ளி ஓடியதால் தப்பியது. ஓட்டியவர் தரையில் உட்கார்ந்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கால் அந்த இடத்துக்கு ஒரு சாண் முன்னால் இருந்திருக்கிறது.

இரும்புக் குழாய்தானே, அது எப்படி உடையும்?

ஒரே நாளில் உடைவது குறைவு. உடைந்த முகத்தைப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். என் அலமாரியில் ஒரு சக்கர ஷாப்ட் இருக்கிறது. முகத்தின் ஒரு பகுதி சந்தனக் கல்லில் தேய்த்தது போல வழவழப்பாக, மெல்லிய வளைகோடுகளோடு கறுத்திருக்கும். மீதி உடைத்த வெல்லக்கட்டி போலச் சொரசொரப்பு. வழவழப்பான பகுதி மாதக் கணக்கில் மெல்ல மெல்ல வளர்ந்த விரிசல். சொரசொரப்பு கடைசி நொடியில் முறிந்தது. பூட் கிழிந்து தண்ணீர் புகுந்த இடத்தில் ஒரு துருப்புள்ளி. விரிசல் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறது. இதைச் சோர்வு முறிவு என்பார்கள்.

ஒரே அடியில் உடைந்ததன் முகம் வேறு. மேற்புறம் கடினமாக்கப்பட்ட ஷாப்ட் என்றால் 45 டிகிரியில் முறுக்கிக்கொண்டு உடையும்; மென்மையான எஃகு என்றால் கத்தியால் வெட்டியது போலக் குறுக்காக அறும். இதற்குக் காரணம் எப்போதும் அதிர்ச்சி: கிளட்சைத் திடீரென்று விடுவது, சக்கரம் பள்ளத்தில் அந்தரத்தில் சுற்றிவிட்டுச் சட்டென்று தரையைப் பிடிப்பது, புறப்படும்போது சக்கரம் தடதடவென்று துள்ளுவது. துள்ளலை உணர்ந்த உடனே ஆக்ஸிலேட்டரை விடுங்கள். ஒவ்வொரு துள்ளலும் ஒரு சம்மட்டி அடி.

எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றிப் பவரை ஏற்றியிருக்கிறேன். ஷாப்ட் தாங்குமா?

பவரைக் கேட்காதீர்கள், முறுக்கு விசையைக் கேளுங்கள். எஞ்சின் 250 நியூட்டன் மீட்டர் தருகிறது, முதல் கியர் 3.5, கடைசி விகிதம் (டிஃபரன்ஷியல் பல்லின் விகிதம்) 4 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 3500. இரண்டு சக்கர ஷாப்ட்டுக்கும் பங்கிட்டால் தலைக்கு 1750. எஞ்சினை 350 ஆக ஏற்றினால் தலைக்கு 2450.

ஆனால் அவ்வளவையும் ஷாப்ட் பார்ப்பதில்லை. ஒரு முன்சக்கரத்தின் மேல் 400 கிலோ எடை, நல்ல தார் ரோட்டில் பிடிப்பு 0.9, சக்கர ஆரம் 31 சென்டிமீட்டர் என்றால் சுமார் 1100 நியூட்டன் மீட்டரிலேயே டயர் வழுக்கிவிடும். வீட்டு மின்சாரத்துக்கு ஃபியூஸ் எப்படியோ அப்படித்தான் ஷாப்ட்டுக்கு டயர். பவர் ஏற்றியவர் எவரும் இதைக் கேட்பதில்லை. பவரை ஏற்றிய கையோடு ஒட்டும் ரகப் பந்தய டயரையும் மாட்டும்போதுதான் ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றிய கதை ஆகிறது; பிடிப்பு 1.2 ஆனால் அதே ஷாப்ட்டின் சுமை 1450ஐத் தாண்டும். மேலே சொன்ன அதிர்ச்சி அடிகள் இதற்கு மேல் தனி.

அண்ணா, பேசாமல் லாரிக்குப் போடுவது போலத் தடித்த குழாயில் ஷாப்ட் செய்துவிட்டால் என்ன?

சேலத்தில் பிறந்தவன் கேட்கும் கேள்வி இது. லாரி ஊரில் வளர்ந்தால் தடிப்புத்தான் பலம் என்று மனத்தில் பதிந்துவிடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கணக்கைப் பாருங்கள். நீள ஷாப்ட் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருப்பதால் எந்தக் கியரில் போனாலும் அதன் சுழற்சி ரோட்டு வேகத்தைத்தான் பொறுத்தது. டயர் சுற்றளவு 2 மீட்டர், பின் ஹவுசிங் விகிதம் 3.7 உள்ள காரில், 100 கிலோமீட்டர் வேகத்தில் ஷாப்ட் நிமிடத்துக்குச் சுமார் 3100 சுற்று சுற்றும். 200 கிலோமீட்டரில் 6200. லாரிக்கு டயர் சுற்றளவு 3.2 மீட்டர், விகிதம் 6 என்றால் 80 கிலோமீட்டரில் 2500 சுற்றுத்தான். லாரி ஷாப்ட் சுமப்பதற்குப் பிறந்தது, கார் ஷாப்ட் சுற்றுவதற்குப் பிறந்தது.

சிறுவர்கள் கயிறு தாண்டும்போது சுற்றும் கயிற்றின் நடுப்பகுதி வெளியே வளைந்து புடைக்கும், பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு ஷாப்ட்டுக்கும் ஒரு சுழற்சி எண்ணிக்கை உண்டு. அதைத் தொட்டால் அதன் நடுப்பகுதியும் அப்படித்தான் வளையும். அதைக் கிரிட்டிகல் வேகம் என்கிறோம். 70 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மீட்டர் நீளம் உள்ள எஃகுக் குழாய்க்கு அது சுமார் 5200 சுற்று. மேலே சொன்ன காரில் அது மணிக்கு 170 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீளத்தை 1.2 மீட்டராகக் குறைத்தால் சுமார் 8100 ஆகிவிடும். நீளம் பாதியானால் நான்கு மடங்கு. விட்டம் கூடினாலும் கூடும். தகட்டின் தடிப்பு கூடினால் மட்டும் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது, ஏனென்றால் விறைப்பு கூடும் அதே அளவுக்கு எடையும் கூடுகிறது. ஆகவே தடித்த குழாய் போட்டவர் காசும் கொடுத்து, எடையும் ஏற்றி, அதே 170இல் நிற்கிறார். நீளமான கார்களில் ஷாப்ட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் சென்டர் பேரிங் வைப்பது இதற்காகத்தான்.

அப்படியானால் அந்தக் கிரிட்டிகல் வேகம் வரை ஓட்டலாமா?

கூடாது. கணக்கு சொல்வது முனைகள் அசையாமல் இருக்கும் ஷாப்ட்டுக்கு. காரில் ரப்பர், தேய்ந்த கிராஸ், ஆடும் கியர்பாக்ஸ் தாங்கி எல்லாம் சேர்ந்து அதைக் கீழே இழுத்துவிடும். கணக்கில் வருவதில் நான்கில் மூன்று பங்குக்குள் நிறுத்திக்கொள்வது எங்கள் வழக்கம்.

எஞ்சின் கம்ப்யூட்டரில் கம்பெனி வைத்த வேகத் தடையை எடுத்துத் தருகிறேன் என்கிறார்கள். எடுக்கலாமா?

டயருக்காக வைக்கப்பட்டதாக இருக்கலாம், ஷாப்ட்டுக்காகவும் இருக்கலாம். ஒரே மாடலில் சிறிய எஞ்சின் வகைக்கு நீளமான ஒற்றை எஃகு ஷாப்ட்டும், பெரிய எஞ்சின் வகைக்கு வேறு ஷாப்ட்டும் வருவதுண்டு. சிறியதை வாங்கிப் பவரை ஏற்றித் தடையை எடுத்தால் எஞ்சின் தயார், ஷாப்ட் தயாரில்லை. மென்பொருள் போடுகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தக் காரின் ஷாப்ட் நீளம் எவ்வளவு, விட்டம் எவ்வளவு? சொல்லத் தெரியாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

100ஐத் தாண்டினால் அதிர்கிறது. மூன்று முறை வீல் பேலன்ஸ் செய்தும் போகவில்லை. ஷாப்ட்டா?

எங்கே அதிர்கிறது என்று முதலில் கவனியுங்கள். 100 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு 14 சுற்று. அதன் அதிர்வைக் கை உணரும், ஸ்டீரிங் ஆடும். நீள ஷாப்ட் அதே வேகத்தில் நொடிக்கு 50 சுற்றுக்கு மேல். அது ஆட்டமாகத் தெரியாது; இருக்கையிலும் தரையிலும் ரீங்காரமாக, காதை அடைப்பது போல வரும். அடுத்து, போக்குவரத்து இல்லாத நேர்ச் சாலையில் அந்த வேகத்தில் கணநேரம் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். எஞ்சின் சுழற்சி விழுந்த பிறகும் ரீங்காரம் இருந்தால் எஞ்சின் குற்றவாளி இல்லை.

ஷாப்ட்டில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்னத் தகட்டுத் துண்டுகளைத் துரு என்று நினைத்துத் தட்டி எடுத்தவர்கள் உண்டு. அவை பேலன்ஸ் எடைகள். 35 மில்லிமீட்டர் ஆரத்தில் 20 கிராம் குறைந்தால் 3000 சுற்றில் 7 கிலோ விசை ஷாப்ட்டை ஒரு பக்கம் இழுக்கும். 6000 சுற்றில் 28 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. கீழ்ப்பக்கம் தார்ப் பூச்சு அடிக்கச் சொல்லும்போது ஷாப்ட்டின்மேல் படாமல் அடிக்கச் சொல்லுங்கள். ஷாப்ட்டைக் கழற்றும் மெக்கானிக் இரண்டு பக்கமும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றுகிறாரா என்றும் பாருங்கள். கோடு போடாதவர் திரும்பவும் அதே நிலையில் மாட்டுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஏற்காடு ஏறும்போது வளைவில் டக் டக் என்று சத்தம் வருகிறது. சமவெளியில் வருவதில்லை. என்ன அது?

சக்கரப் பக்கம் இருக்கும் வெளி சி.வி. ஜாயின்ட். ஆல்ஃப்ரெட் ர்செப்பா என்ற பொறியாளர் 1920களில் வடிவமைத்த ஜாயின்ட்டின் வழித்தோன்றல்தான் இன்றும் உங்கள் காரில் இருப்பது: ஆறு எஃகு குண்டுகள், அவை ஓடும் பள்ளங்கள், அவற்றைப் பிடிக்கும் கூடு. 1959இல் பிரிட்டனில் ‘மினி’ என்ற கார் வந்தபோது சிறிய முன்சக்கர டிரைவ் கார்களுக்கு இதுவே வழி என்று ஆகிவிட்டது. நேராக ஓடும்போது குண்டுகள் அதிகம் அசைவதில்லை. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டீரிங் முழுதாகத் திரும்பியிருக்க, அதே நேரம் முதல் அல்லது இரண்டாம் கியரில் முழு இழுவை. ஜாயின்ட்டுக்கு இதைவிடக் கடுமையான சோதனை இல்லை. தேய்ந்த பள்ளத்தில் குண்டு தாவும் சத்தம்தான் அந்த டக் டக்.

காலி மைதானத்தில் ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள், பிறகு மறுபக்கம். வட்டத்தின் வெளிப்பக்கச் சக்கரத்தில் சத்தம் வருவதே வழக்கம். வளைவில் இல்லாமல், நேராக வேகமெடுக்கும்போது மட்டும் கார் குலுங்கினால் உள் ஜாயின்ட்டைச் சந்தேகியுங்கள்.

பூட் மட்டும்தான் கிழிந்திருக்கிறது. ஜாயின்ட் மாற்ற வேண்டுமா?

கிழிந்து எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது. ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் இன்னும் ஈரமாகத் தெறித்திருந்து, சத்தமும் இல்லையென்றால், சுத்தம் செய்து புதுக் கிரீஸ் வைத்துப் பூட் மாற்றினால் போதும். கிரீஸை விரலால் தேய்க்கும்போது மணல் நறநறத்தால் ஜாயின்ட் போய்விட்டது. சி.வி. ஜாயின்ட்டுக்கு உரிய கறுப்புக் கிரீஸைத்தான் வைக்க வேண்டும். வீல் பேரிங் கிரீஸை அள்ளி அடைத்து அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஷாப்ட் உடைந்தால் என்ன செய்வது?

எனக்கு மிகவும் பயம் தரும் கேள்வி இதுதான். ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலை ஓட்டத்தின் பாலபாடம். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வரும், பிரேக் சூடாகாது. ஷாப்ட் உடைந்த கணத்தில் அந்தப் பிடி போய்விடும். டமார் என்று சத்தம், வண்டியை எஞ்சின் பிடிக்கவில்லை என்ற உணர்வு, கார் தானாக வேகமெடுக்கத் தொடங்கும். கீழ்க் கியருக்கு மாற்றிப் பயனில்லை. மாற்ற முயன்று நொடிகளை வீணாக்காதீர்கள்.

ஆக்ஸிலேட்டரை விட்டு நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள், எஞ்சின் உடைந்த துண்டைச் சுழற்றுவதாவது நிற்கும். பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி அடுத்த வளைவு வரை சமாளிக்க நினைக்காமல், அது ஆறியிருக்கும்போதே உறுதியாக ஒரே மூச்சில் அழுத்தி நிறுத்துங்கள். எஞ்சினை அணைக்கவே கூடாது. அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டீரிங்குக்கும் கிடைக்கும் உதவி போகும், சாவியை முழுதாகத் திருப்பிவிட்டால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளலாம். பைப் அறுந்து பெடல் இறங்கினாலும் பயந்து காலை எடுக்காதீர்கள். பிரேக் இரண்டு தனித் தடங்களாக இருக்கும். ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும், பெடல் மட்டும் ஆழமாகப் போகும். அதுவும் போதவில்லை என்றால் ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர்ப் பக்கம் உரசியாவது நிறுத்துங்கள். பெயின்ட் போனால் அடிக்கலாம்.

நின்றதும் ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் கல். பழுது பார்த்துக் கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரத்தில் எறிந்துவிட்டுக் கிளம்புங்கள். ஏற்காடு ரோட்டின் நடுவில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கிளம்பிய அவசரம். அடுத்து வருகிறவர் பைக்கில் வருவார்.

ஆட்டோமேட்டிக் கார். பி-யில் (பார்க் நிலையில்) போட்டுத்தான் நிறுத்தினேன், உருண்டுவிட்டது. எப்படி?

பி-யில் போட்டால் பூட்டிக்கொள்வது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு பல். அதற்கும் சக்கரத்துக்கும் இடையில் இருப்பது ஷாப்ட். ஷாப்ட் உடைந்திருந்தால் பூட்டு கியர்பாக்ஸுக்கு மட்டும்தான், சக்கரத்துக்கு இல்லை. முன்சக்கர டிரைவ் காரில் ஒரு ஷாப்ட் போனாலே போதும். இரண்டாவது கேள்வியில் சொன்ன டிஃபரன்ஷியல் கதைதான்.

இது பட்டறைக்குள் மட்டும் பேசும் விஷயமில்லை. 2022இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் எக்ஸ்ப்ளோரர் கார்களில் 2020 முதல் 2022 வரையிலான மாடல்கள் சுமார் இரண்டரை லட்சத்தைத் திரும்ப அழைத்தது. பின் ஆக்ஸிலைப் பிடிக்கும் போல்ட் முறிந்து டிரைவ் ஷாப்ட் பிரிந்தால், பி-யில் நிறுத்திய வண்டியும் உருளலாம் என்பதுதான் காரணம். சரிவில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் போட்ட பிறகுதான் பி.

காரைத் தாழ்த்தியிருக்கிறேன். தம்பி ஜீப்பை உயர்த்தியிருக்கிறான். இரண்டும் ஷாப்ட்டைப் பாதிக்குமா?

தம்பிக்குத்தான் அதிகம். கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரிக் கோணத்தில் அது ஒன்றரை சதவீதம், 20 டிகிரியில் 6 சதவீதம். இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் முதல் கிராஸ் செய்யும் குழப்பத்தை இரண்டாவது சரிசெய்துவிடும். கெட்டி ஆக்ஸில் (இரு சக்கரங்களும் ஒரே கட்டையில் இணைந்தது) உள்ள ஜீப்பை உயர்த்தும்போது ஹவுசிங் மட்டும் கீழேயே நிற்பதால் கோணங்கள் ஏறி, சமமும் கெடும். ஆப்பு வைத்து ஹவுசிங்கின் சாய்வைத் திருத்தாமல் உயர்த்துவது அரைவேலை.

பின் சக்கரங்கள் தனித்தனியாக அசையும் காரில் டிஃபரன்ஷியல் உடலோடு பிணைந்திருக்கும். தாழ்த்தினாலும் நீள ஷாப்ட்டின் கோணம் மாறாது. சக்கர ஷாப்ட்டின் கோணம் மாறும், ரப்பர் பூட்கள் சீக்கிரம் கிழியும். இன்னொன்று: கோணம் அறவே இல்லாமல் நேராக இருப்பதும் கிராஸுக்கு நல்லதில்லை. உள்ளே இருக்கும் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அடிவாங்கிக் குழி விழும். ஒரு டிகிரியாவது வேண்டும்.

கார்பன் ஃபைபர் ஷாப்ட் வாங்கினால் கவலை தீருமா?

கவலையில் ஒரு பகுதி. அதே அளவுக் குழாயில் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் கிரிட்டிகல் வேகம் ஏறக்குறைய ஒன்றே. அலுமினியத்தில் எடை குறைவு, விட்டத்தைப் பெரிதாக்கலாம், அவ்வளவுதான். கார்பன் ஃபைபர் எடைக்கு ஏற்ற விறைப்பில் இரண்டையும் விஞ்சுவதால் நீளமான ஒற்றை ஷாப்ட்டே போதும். நிசான் ஜி.டி.-ஆர். காரிலும் 2013 ஷெல்பி ஜி.டி.500 காரிலும் இதுதான். உடைந்தாலும் எஃகு போல ஈட்டியாக நிற்காமல் துடைப்பம் போல நார்நாராகப் பிரியும். இது பெரிய நன்மை. ஆனால் கல் அடித்த காயமும் சைலன்சர் சூடும் அதற்கு ஆகாது. உள்ளே சேதமானது வெளியே தெரியாமலும் இருக்கும். குழாய் மட்டும்தான் கார்பன், கிராஸ் எஃகுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஷாப்ட்டைச் சுற்றி வளையம் போடுகிறார்களே, அது தேவையா?

பின்சக்கர டிரைவ் காரில் பவரை ஏற்றியவர்கள் முதலில் செலவு செய்ய வேண்டியது அதில்தான். ஷாப்ட் உடைவதை அது தடுக்காது. உடைந்த முனை தரையைத் தொடாமல் ஏந்திக்கொள்ளும். மூன்றாவது கேள்வியில் சொன்ன காரில் அது இருந்திருந்தால் தரைத் தகடும் ஹேண்ட்பிரேக்கும் தப்பியிருக்கும். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதி, பந்தய டயரோடு ஓடும் வேகமான கார்களுக்கு இதைக் கட்டாயமாக்குகிறது: முன் கிராஸிலிருந்து 6 அங்குலத்துக்குள், ஷாப்ட்டை முழு வட்டமாகச் சுற்றி, பட்டையாக இருந்தால் குறைந்தது கால் அங்குலத் தடிப்பு, 2 அங்குல அகலம்.

நம் பக்கம் மெல்லிய தகட்டை அரைவட்டமாக வளைத்துத் தரைத் தகட்டில் இரண்டு திருகு போட்டு அனுப்புகிறார்கள். அது ஷாப்ட்டோடு சேர்ந்து பறக்கும். சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறதா, சஸ்பென்ஷன் முழுதாக இறங்கும்போது ஷாப்ட் வளையத்தில் உரசுகிறதா என்று பாருங்கள்.

நள்ளிரவில் பைபாஸ் காலியாகத்தானே இருக்கிறது. அங்கே ஓட்டிப் பார்த்தால் என்ன?

காலியாக இருக்காது. விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி இருக்கும், எதிர்த் திசையில் வரும் மொபெட் இருக்கும். பொதுச் சாலையில் பந்தயமோ வேகச் சோதனையோ செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 52ஆம் பிரிவு தடுக்கிறது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தடம் இருக்கிறது. அங்கே ஷாப்ட் உடைந்தால் ஆம்புலன்ஸ் பக்கத்தில் நிற்கும்.

பழைய வேகக் கார் வாங்கப் போகிறேன். பத்து நிமிடத்தில் என்ன பார்க்கலாம்?

ரப்பர் பூட்களைத் தொட்டுப் பாருங்கள், ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் கோடு இருக்கிறதா பாருங்கள். கிராஸ் மூடியைச் சுற்றிச் செம்பொடி இருந்தால் உள்ளே கிரீஸ் வற்றித் துரு அரைபடுகிறது. ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது அடியில் டங் என்றால் கிராஸோ ஷாப்ட்டின் பல் பகுதியோ தேய்ந்திருக்கிறது. பின்சக்கர டிரைவ் என்றால், சக்கரங்களுக்குக் கல் கொடுத்து நியூட்ரலில் வைத்து, கீழே படுத்து ஷாப்ட்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மைதான வட்டச் சோதனை முன்பே சொன்னதுதான். விற்கிறவர் ஷாம்பு போட்டு அடிப்பக்கத்தையும் கழுவிவைத்திருந்தால் நான் சந்தேகப்படுவேன். யார் வீட்டிலும் காரின் அடிவயிற்றைக் கழுவுவதில்லை.

ஷாப்ட், கிராஸ், சி.வி. ஜாயின்ட் எல்லாவற்றையும் உயர் ரகமாக மாற்றிவிட்டால் எதுவும் உடையாது அல்லவா?

உடையும் இடம் நகரும். ஷாப்ட் தாங்கினால் அடுத்தது டிஃபரன்ஷியலில் இருக்கும் கிரவுன் பல், அது தாங்கினால் கியர்பாக்ஸ், அதற்கு முன்பே கிளட்ச் வழுக்கும். அவற்றில் எது முதலில் போக வேண்டும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் கிளட்ச். மணம் வந்து எச்சரிக்கும், அடியில் ஓட்டை போடாது.

சென்ற மாதம் ஒருவர் எல்லாவற்றையும் மாற்றிய பிறகு வந்தார். ஷாப்ட்டைப் பேலன்ஸ் மெஷினில் ஏற்றினேன், ஊசி ஆடவே இல்லை. அவ்வளவு நல்ல வேலைப்பாடு. பிறகு காரின் கீழே போய்ப் பார்த்தேன். அந்த ஷாப்ட்டின் சென்டர் பேரிங்கைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டில் ஒன்று இல்லை. மற்றது கையாலேயே திரும்பியது.